கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள், ஒரு அஞ்சலிப் பலகை

நான் ஏற்கெனவே ஒரு தடவை செத்தவன். போன கால்பந்து சீசனில், ஒரு திங்கட்கிழமை காலை, திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் அரிசிக் கடை இருக்கிற சந்தின் முனையில் என்னைச் சாகடித்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆளுயரப் பிளெக்ஸ். சுற்றிலும் கருப்பு வரம்பு, சாமந்தி மாலை, பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு, நடுவில் நான். போட்டோ என் மச்சினன் கல்யாணப் பந்தியில் எடுத்தது. இரண்டாவது பாயசம் வருமா வராதா என்று காத்திருந்த நேரம். கண் பாதி சொருகியிருக்கும். அஞ்சலிக்கு இதைவிடத் தோதான முகம் கிடைக்காது என்று செய்தவனுக்குத் தோன்றியிருக்கும்.

செய்தவன் அதே மச்சினன்தான். என் மனைவியின் ஒரே தம்பி. இந்தச் சந்தில் பிறந்து, எங்கள் சாக்குகளின் மேல் ஏறிக் குதித்து வளர்ந்தவன். வேலை கிடைத்து வடக்கே ஒரு நகரத்துக்குப் போனான். போனவன் வேலையை மட்டும் பார்த்திருக்கலாம். அந்த ஊர் கால்பந்து அணியின் சட்டையையும் வாங்கிப் போட்டுக்கொண்டான். முந்தைய நாள் மாலை அவன் அணி எங்கள் திருவனந்தபுரத்து அணிக்கு மூன்று கோல் போட்டிருந்தது. கால்பந்து சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஜெயித்தவன் தோற்ற அணிக்கு அஞ்சலிப் பலகை வைப்பது சாதாரணம்தான். ஆனால் அணிக்குத்தான் வைப்பார்கள். அத்தானுக்கு வைக்க மாட்டார்கள்.

பலகையில் இருந்த வாசகம் மலையாளத்தில் இருந்தது. மூன்று கோல் வாங்கிச் செத்தார் என்று படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நாகர்கோவில், தக்கலை, களியக்காவிளைக்காரர்கள். அவர்களுக்கு மலையாளம் காதுக்குள் போகும், கண்ணுக்குள் போகாது. அவர்கள் கண்டது கருப்பு வரம்பும் மாலையும் என் முகமும்.

முதலில் வந்தவர் தக்கலையில் மளிகை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கடைக்குள் வந்தார். நிமிர்ந்தபோது நான் எதிரே தராசுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஓய், நீரு சாகலியா?"

"இல்லியே அண்ணாச்சி. ஏன்?"

"பின்ன என்னத்துக்குவே சந்து முக்குல மாலயும் போட்டு நிக்கீரு? நான் ஊருக்குப் போன் போட்டு எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. வீட்டுக்காரி ஒரு பாடு அழுதுட்டா. இப்ப அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

நான் உயிரோடு இருந்ததில் அவருக்கு வந்த கோபம் லேசில் தணியவில்லை. துக்கம் விழுந்த கடையில் அன்று சரக்கு எடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய கணக்கு. ஆகவே சந்துமுனையோடு திரும்பியவர்கள் பலபேர் எதிர்க்கடையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர், என் உயிர்த்தோழர் என்று நான் நினைத்திருந்தவர், இன்றுவரை எதிர்க்கடையில்தான் எடுக்கிறார். மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து ஒரு வேன் வந்து வீட்டு முன்னால் நின்றது. மனைவியின் சித்தி தலைமையில் பெண்கள் கூட்டம் ஒப்பாரியோடு இறங்கியது. நான் முன்னறையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். சித்தி பாதி வரியில் நிறுத்தி, என்னையும் தோசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்தது வந்தாயிற்று என்று எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவி சிரித்தாள். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த சீசனில் அவனைச் சாகடிக்காமல் விடுவதில்லை.

அடுத்த சீசன் வந்தது. சிக்கல் என்னவென்றால், ஒருவனைச் சாகடிக்க வேண்டுமானால் முதலில் நம் அணி ஜெயிக்க வேண்டும். எங்கள் அணி ஜெயிப்பது எப்படி என்பதையே மறந்துபோயிருந்தது. பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் நாங்கள்தான் முதலிடம். எனக்கிருந்த ஒரே ஆறுதல், தலைகீழ்ப் பட்டியலில் இரண்டாமிடத்தில் மச்சினனின் அணி இருந்தது. சீசனின் கடைசிக் கட்டத்தில் இரண்டும் எங்கள் ஊர் ஸ்டேடியத்தில் மோதுவதாக ஏற்பாடு. ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை கிடையாது, ஒன்றும் கிடையாது. தோற்பவர்களுக்குக் கடைசி இடம் நிச்சயம்.

நான் இரண்டு அணிகளையும் எடைபோட உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். எங்கள் கடையில் குத்தூசி என்று ஒரு கருவி உண்டு. குழல் மாதிரி இரும்பு, முனை கூர்மை. சாக்கைப் பிரிக்காமலே அதைக் குத்தி இழுத்தால் ஒரு பிடி அரிசி உள்ளங்கைக்கு வந்துவிடும். புதிதாக வியாபாரத்துக்கு வருகிறவன் சாக்கின் வாயைத்தான் பார்ப்பான். வாயில் எல்லாருமே நல்ல அரிசியைத்தான் போட்டுக் கட்டுவார்கள். நாங்கள் வாயில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவோம்.

அதே மாதிரி ஆட்டங்களைக் குத்திப் பார்த்தேன். சீசன் முழுவதும் நடந்தவற்றைக் கடையில் செல்போனில் போட்டு, முதல் கால்மணி, நடு, கடைசி கால்மணி என்று மட்டும் பார்த்தேன்.

மச்சினன் அணியின் சாக்குவாய் பிரமாதம். விசில் ஊதியதும் குதிரை மாதிரி ஓடுவார்கள். இடதுபக்கம் ஒரு குட்டையன், பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டே போவான். வயிற்றில் குத்தினால் நொய். நடுக்களத்தில் யார் யாருக்குத் தட்டுகிறார்கள் என்று தட்டுகிறவர்களுக்கே தெரியாது. அடியில் புழு. அவர்களுடைய கோல் காக்கிற கோலிக்கும் தடுப்பு வரிசையில் நிற்கிற ஒரு நெட்டையனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் உயரமாக ஒரு பந்து வந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பந்து தன்பாட்டுக்கு உள்ளே போகும். பயிற்சியாளரை இரண்டு தடவை மாற்றியும் இந்தச் சண்டையை யாராலும் தீர்க்க முடியவில்லை.

எங்கள் சரக்கு தலைகீழ். வாயைத் திறந்ததுமே பூஞ்சணம். எங்கள் கோலி நல்ல மனிதர்தான், ஆனால் தூக்கம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும். முன்வரிசைக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆள் இன்னும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கம்பத்தில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 'டங்' என்ற சத்தம் கேட்டால் அவர்தான் என்று தெரியும். ஆனால் அடியில் குத்தியபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலைந்து மணி நல்ல அரிசி வந்தது. எதிரி களைத்துப்போன பிறகு எங்கள் ஆட்கள் ஓடினார்கள். ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை அதுவரை ஓடவே இல்லாததால் இருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் அவர்கள் அடிப்பார்கள், கடைசியில் நாம் அடிப்போம். இந்தத் தீர்ப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம். கிழக்கேகோட்டைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயை ஓங்கி எறிந்தேன். அது கல்லின் விளிம்பில் பட்டு, உடையாமல் உருண்டு, வரிசையில் நின்ற ஒருவர் காலடியில் போய் நின்றது. கம்பத்தில் பட்டு வெளியே! அன்று முதல் காலையும் மாலையும் ஓமத்தண்ணீர். "பந்து விளையாடப் போறது நீங்களா அவனுவளா?" என்று மனைவி கேட்டாள்.

ஆனால் பயம் ஒரு பக்கம் இருக்க, கை பாட்டுக்கு வேலையைச் செய்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு பிளெக்ஸ் கடையில் மச்சினனின் போட்டோவைக் கொடுத்தேன். கருப்பு வரம்பு, மாலை, விளக்கு எல்லாம் அவன் எனக்குச் செய்த அதே அளவில். வாசகத்தை மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து நானே செதுக்கினேன். அதுவும் தமிழில். கடைக்காரர், "மலையாளம் வேண்டே அண்ணாச்சி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் மலையாளம் வியாபாரத்துக்குப் போதும், கரண்டு ஆபீசில் சண்டை போடவும் போதும். ஒருவனை நிதானமாக, ருசித்து, வரிக்கு வரி உப்பு வைத்துத் திட்டுவதற்குத் தமிழ்தான் எனக்கு வரும். எழுதியது இது:

"நேற்றுவரை வாய் ஓயாமல் பேசியவர், இன்று வாயடைத்துப் போனார். பெற்ற ஊரை விட்டு ஓடி, தோற்கிற ஊரில் போய்ச் சேர்ந்தார். வாழ்ந்தவரை எவருக்கும் ஒன்றும் செய்ததில்லை. இவர் பிரிவால் வாடுவோர் யாரும் இல்லை."

படித்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அதைத் தொங்கவிட வேண்டிய இடமும் தீர்மானமாகியிருந்தது. மச்சினன் குடியிருப்பது ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில். அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு அவன்தான் செக்ரட்டரி. கேட்டில் யாரும் பிளெக்ஸ் கட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டவனும் அவன்தான். அந்தக் கேட்டில்தான் அவன் தொங்க வேண்டும். எங்களுக்கு மில்லிலிருந்து மட்டை அரிசி கொண்டுவருகிற லாரி, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக அந்த வழியேதான் வடக்கே திரும்பும். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை காலையில் பிளெக்ஸைச் சுருட்டி டிரைவரிடம் கொடுத்தேன்.

"கேட்டுக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு இரு. ஆட்டம் முடிஞ்சு நான் போன் பண்ணுவேன். கட்டுன்னு சொன்னா மட்டும் கட்டு. கேட்டியா?"

"சரி முதலாளி. இதாரு, மரிச்சுப் போனாரா?"

"இன்னும் இல்ல."

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மத்தியானம் மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனிடம் உள்ள பெரிய தொந்தரவே இந்த மரியாதைதான். காரின் பின்பக்கத்திலிருந்து நேந்திரங்காய் உப்பேரி வறுவல் பொட்டலங்களை எடுக்க நான்தான் போனேன். பொட்டலங்களுக்கு அடியில் சுருட்டிய ஒரு பிளெக்ஸ். ஓரத்தை லேசாக விரித்தேன். கருப்பு வரம்பு. இன்னும் கொஞ்சம் விரித்தேன். என் நெற்றி.

இன்றைக்குத் தோற்றால் நாளைக் காலை நான் மறுபடியும் சாவேன். தக்கலை அண்ணாச்சி இந்தத் தடவை என்னை மன்னிக்கவே மாட்டார். மீதியிருக்கிறவர்களும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். பிளெக்ஸை மறுபடி சுருட்டிவிட்டு ஒன்றுமறியாதவன் போல உள்ளே வந்தேன். அடுக்களை வாசலில் மனைவி நின்றிருந்தாள். என் முகத்தை எப்படித்தான் படிப்பாளோ.

"இஞ்ச பாருங்க. போன வருஷம் அவன் செஞ்சது விளையாட்டு. நீங்க பதிலுக்கு என் தம்பி படத்துக்கு மாலை கீலை போட்டியன்னா அது விளையாட்டு இல்ல. சொல்லிட்டேன்."

"அது எந்த ஊர் நியாயம்?"

"அவன் சின்னப் பையன்."

சின்னப் பையனுக்கு வயது நாற்பத்து நாலு. முன்னந்தலை முழு வழுக்கை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவனுக்குப் பிடித்த உள்ளித் தீயல். ஆரியசாலையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு கைமாறி வண்டி ஏறும்வரை சொந்தச் சரக்கைப் புகழ மாட்டோம். புகழ்ந்தால் கண் பட்டுவிடும். வியாபாரம் எப்படி என்று கேட்டால், கூட்டம் தெருவரைக்கும் நின்றாலும் 'சுமார்தான்' என்போம். ஊரை விட்டுப் போனாலும் மச்சினனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஆகவே எங்கள் பேச்சு இப்படிப் போயிற்று.

"எங்க டீம் இன்னைக்குத் தோக்கும் அத்தான். எழுதி வச்சுக்கிடுங்க."

"சும்மா இரு மாப்ளே. எங்க ஆளுவளுக்கு ஷூ கயிறு கட்டத் தெரியாது. உங்க குட்டையன் ஒருத்தன் போதும்."

"அவனுக்கு முட்டில வீக்கம் அத்தான். நொண்டுறான்."

"நொண்டினாலும் ஓடுறான்லா? எங்க ஆளு நல்ல காலோட நிக்கான்."

"எங்க கோலி முன்னாடி நிக்கிற நெட்டையன்கூடப் பேசமாட்டான்."

"பேசாட்டா என்ன? எங்க கோலி பேசிட்டே நிப்பான், பந்து உள்ள போயிரும்."

"அத்தான், நீங்க ரொம்பத் தாழ்த்திப் பேசுறீங்க. எங்களவிட மோசமான டீம் கேரளத்துலயே கிடையாது."

"அதெப்படி? நாங்க இல்லியா?"

இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. யாருடைய அணி அதிகம் கேவலம் என்று அடித்துக்கொள்கிற அளவுக்குப் போயிற்று. மச்சினன் மனைவி பயந்துபோய், "எதுக்கு இப்படி?" என்று கேட்டாள். "ரெண்டும் பயந்து சாவுது. நீ தீயல் போட்டுச் சாப்பிடு" என்றாள் என் மனைவி.

மாலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஸ்டேடியத்துக்குப் போனோம். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சுற்றிலும் எங்கள் ஊர்க் கூட்டம், செண்டை, ஊதுகுழல். நடுவில் அவன் ஒருவன் வேற்றுச் சட்டை. விசில் ஊதி எங்கள் கோலி கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் குட்டையன் இடதுபக்கமாக வந்து அடித்துவிட்டுப் போனான். நொண்டவெல்லாம் இல்லை.

மச்சினன் எழுந்து குதிக்கவில்லை. கைதட்டவில்லை. என் பக்கம் குனிந்து, பணிவாக, "அத்தான், போன தடவை போட்டோல கண்ணு மூடியிருந்துச்சுன்னு வருத்தப்பட்டீங்களாமே. இந்தத் தடவை கண்ணு திறந்தது போட்டிருக்கேன்" என்றான்.

அதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த பழிவெறி ஒரு நல்ல மனிதனுக்கு வரக்கூடியது அல்ல. டிரைவரிடம் கொடுத்த பிளெக்ஸை இன்னும் பெரிதாக அடித்திருக்கலாம் என்று தோன்றியது. கேட்டின் உயரத்துக்கு.

இடைவேளை. ஒன்றுக்குப் பூஜ்யம், அவர்கள் முன்னால். மச்சினன் கடலை வாங்கப் போயிருந்தான். என் போனில் ஒரு படம் வந்தது. டிரைவர் அனுப்பியது. அடுக்குமாடி கேட். கேட்டில் மச்சினன், மாலையோடு, விளக்கோடு, நாலு மூலையும் இழுத்துக் கட்டி, சுருக்கம் இல்லாமல். கீழே டிரைவரின் குரல் செய்தி: "மழை வருது முதலாளி, மில்லு கேட்டும் பூட்டிருவாங்க. அதான் முன்கூட்டியே கெட்டியாச்சு. நல்லா தெரியுது."

கூப்பிட்டேன். போனை அணைத்துவைத்திருந்தார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அதுதான். ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிற நான், ஜெயித்துக்கொண்டிருக்கிற மச்சினனுக்கு அவன் வீட்டு வாசலிலேயே அஞ்சலி வைத்திருக்கிறேன். இப்படியே ஆட்டம் முடிந்தால் காலையில் சந்துமுனையில் என் பலகை, கையில் என் குற்றம், வீட்டில் என் மனைவி. மூன்றில் எது முதலில் கொல்லும் என்று தெரியவில்லை.

மச்சினன் கடலையோடு வந்து உட்கார்ந்தான். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவன் சட்டைப் பையில் போன் ஒளிர்வதைக் கண்டேன். அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தவரிடமிருந்து ஊதுகுழலைப் பிடுங்கி ஊத ஆரம்பித்தேன். போன் ஒளிரும்போதெல்லாம் ஊதினேன். அது நின்றால் நானும் நின்றேன். பின்வரிசையில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, "இதாணு ஆராதகன்! பிராயம் நோக்கணே!" என்று, இந்த வயதிலும் இப்படி ஒரு ரசிகனா என்கிற மாதிரி, என் முதுகில் தட்டினார். நான் எதற்கு ஊதுகிறேன் என்று எனக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும்.

போகப்போக அவர்களுடைய சாக்கின் அடி வந்தது. குட்டையன் இடுப்பில் கைவைத்து நின்றான். எங்கள் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்காரர் அடித்தார், 'டங்', வழக்கம்போலக் கம்பம். ஆனால் இந்தத் தடவை பந்து கம்பத்தில் பட்டு அவர்களுடைய கோலியின் முதுகில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. அதற்கப்புறம் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வானத்திலிருந்து ஒரு பந்து இறங்கியது. கோலி நெட்டையனைப் பார்த்தார். நெட்டையன் கோலியைப் பார்த்தான். பேச்சுவார்த்தை இல்லை. இருவருக்கும் நடுவில் எங்கள் ஆள் ஒருவன் தடுமாறி விழுந்தான், விழும்போது முழங்காலில் பந்து பட்டு உருண்டு கோட்டைத் தாண்டியது. கோல்தான்! விசில் ஊதினார்கள். முடிந்தது. இரண்டுக்கு ஒன்று.

நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். அறிமுகமில்லாத நாலு பேரைக் கட்டிக்கொண்டேன். அவன் காரில் கிடக்கிற என் போட்டோ சுருட்டியபடியே கிடக்கும். கேட்டில் தொங்குகிற அவன் போட்டோ இனி நியாயமாகவே தொங்கும். மச்சினன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பையில் போன் மறுபடி ஒளிர்ந்தது. இந்தத் தடவை நான் ஊதவில்லை. குனிந்து, அவன் சொன்ன அதே பணிவோடு சொன்னேன்.

"மாப்ளே, போன் அடிக்குது பாரு. ரொம்ப நேரமா அடிக்குது."

எடுத்தான். கேட்டான். "ஞானா? ஞான் ஜீவனோட உண்டு சார்" என்றான். பிறகு யாரோ அனுப்பிய படத்தைத் திறந்தான். படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தான். வாய் பிளந்தது. முகம் வெளுத்தது. ஒரு வருஷமாக நான் காத்திருந்தது அந்த முகத்துக்குத்தான். சந்துமுனை, தக்கலை அண்ணாச்சி, சித்தியின் ஒப்பாரி, தோசைக் கல் முன்னால் என் மனைவியின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முகம் ஈடு. கண் எடுக்காமல் பார்த்தேன்.

ஆனால் அவன் ஆரியசாலைக்காரன். சுதாரித்துக்கொண்டு போனை ஒலிபெருக்கியில் போட்டான். மறுமுனையில் சங்கத்துத் தலைவர். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். பயணத்தில் செக்ரட்டரிக்கு ஏதோ ஆகிவிட்டது, போனையும் எடுக்கவில்லை என்று கட்டடமே கீழே திரண்டு நிற்கிறதாம். பந்தல்காரனுக்குச் சொல்லி நாற்காலியும் வந்து இறங்கிவிட்டதாம். இதை யார் கட்டினது, தமிழில் என்ன எழுதியிருக்கிறது, யாருக்கும் படிக்கத் தெரியவில்லையே என்று தலைவர் மலையாளத்தில் கேட்டார்.

ஒரு வாரம் உப்பு வைத்து வைத்து எழுதிய வரிகள். அங்கே அதைப் படிக்க ஒரு கண்கூட இல்லை. போன சீசனில் என் பலகையைப் படிக்கத் தெரியாத கண்களால்தான் நான் செத்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு பட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

மச்சினன் மொழிபெயர்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வரியாக, மலையாளத்தில், என்னைப் பார்த்துக்கொண்டே. வாய் ஓயாமல் பேசியவர் வாயடைத்துப் போனார் என்ற வரி, 'பேச்சில் வல்லவர், ஆனால் அடக்கத்தால் பேசாதிருப்பவர்' ஆயிற்று. பெற்ற ஊரை விட்டு ஓடியவர், 'பெற்ற ஊரை விட்டு வந்து உங்கள் எல்லாரையும் உறவாக்கிக்கொண்டவர்' ஆனார். எவருக்கும் ஒன்றும் செய்ததில்லை என்பது, 'எவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை.' கடைசி வரிக்குக் கொஞ்சம் யோசித்தான். 'இவரைப் பிரிந்து யாரும் வாட வேண்டியதில்லை, இவர் நூறு வயது இருப்பார்.' மறுமுனையில் பெண்கள் "அய்யோ, எத்ர நல்ல வரிகள்" என்பது கேட்டது.

"அப்போ இந்தக் கருத்த பார்டரும் மாலயும்?" என்றார் தலைவர்.

"அது எங்க தமிழர் ஆசாரம் சார்" என்று மலையாளத்தில் நெளியாமல் சொன்னான் மச்சினன். "கண்ணேறு தட்டாம இருக்க, அக்கா புருஷன் கையால வைக்கிறது. அத்தானே இங்க இருக்காங்க. கேட்டுக்கிடுங்க."

போன் என் வாய்க்கு நேரே வந்தது. அவன் காதோரம் குனிந்து தமிழில் சொன்னான்.

"இல்லேன்னு சொல்லித்தான் பாருங்க அத்தான். அடுத்த போன் அக்காவுக்குத்தான்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். 'இல்லை சார், அவனுக்கு நான் வைத்த அஞ்சலி அது, வரிக்கு வரி திட்டு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் என் பழி முழுசாக முடியும். கண்முன் மனைவி வந்தாள். கரண்டியோடு. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஆமா சார், ஆசாரந்தான்" என்று என் குரலே மலையாளத்தில் சொல்வது எனக்குக் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. கருப்பு வரம்பு அகலமாக இருக்க இருக்க ஆயுள் கூடும் என்றேன். சாமந்தி மாலை வியாதியை அண்டவிடாது என்றேன். எல்லாருக்கும் வைப்பதில்லை, ஊரில் பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான் என்றேன். மழையில் நனைந்தால் ரொம்ப விசேஷம், ஒரு மாதம் கழற்றக் கூடாது என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மச்சினன் கடலையை மென்றபடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

மறுமுனையில் தலைவர் தொண்டையைச் செருமினார். தனக்கு அடுத்த மாதம் எழுபது நிறைகிறது என்றார். தமிழ் அறியாதவர்களுக்கும் இது செய்வதுண்டா என்று கேட்டார்.

"செய்யலாம் சார்" என்றேன். "போட்டோ அனுப்புங்க."

போட்டோ உடனே வந்தது. கோட்டும் டையும் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.